‘கண் பழகிவிடும்’ என்று சொல்லி விற்கப்பட்ட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்: ஓர் எச்சரிக்கை

புதிதாக வாங்கிய கேமிங் மானிட்டரில் ஓட்டம் எதிர்பார்த்த அளவுக்குச் சீராக இல்லை என்று நீங்கள் முறையிடும்போது, விற்றவர் ‘உங்கள் கண் இன்னும் பழகவில்லை’ என்று பதில் சொன்னால், அந்தப் பதிலுக்கு ஒரு நாள்கூட அவகாசம் கொடுக்காதீர்கள். நான் பதினைந்து நாள் கொடுத்தேன். பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு பத்தே நாள் என்பது பில்லின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததை, அந்தக் கெடு முடிந்த பிறகுதான் படித்தேன்.

நான் ஏன் அந்தப் பதிலை நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளாக 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும், திரை கொண்ட மடிக்கணினியில் விளையாடி வந்தேன். அந்தத் திரை உடைந்ததால், பரணில் கிடந்த பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்து இரண்டு மாதம் சமாளித்தேன். முதல் நாள் பட்ட அவதி இன்னும் நினைவில் இருக்கிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதிய படம் வரும். 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். எண்ணாகப் பார்த்தால் இது ஒன்றுமில்லாத வேறுபாடாகத் தோன்றும்; ஆனால் மவுஸை நகர்த்திய கை ஓரிடத்திலும் திரையில் உள்ள அம்பு வேறிடத்திலும் இருப்பது போன்ற எரிச்சலாக அது வந்து சேரும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஓடும் எதிரியைக் குறி தொடர முடியவில்லை. மவுஸின் வேகத்தைச் சற்றே குறைத்து, திரும்பும்போது பார்வையை எதிரியின் மீது வைக்காமல் குறியின் மீதே வைக்கப் பழகி, ஒருவழியாகப் பத்து நாளில் பழைய நிலைக்கு அருகில் வந்தேன். ஆகவே, திரை மாறினால் உடல் பழக வேண்டும் என்பது எனக்கு அனுபவ உண்மை. அந்த உண்மையைத்தான் விற்றவர் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டார்.

வாங்கிய மானிட்டரின் பெட்டியில் மூன்று வாசகங்கள் பெரிதாக இருந்தன: 144 ஹெர்ட்ஸ், 1 மில்லி வினாடி (படம் மாற ஆகும் நேரம் என்று விளம்பரப்படுத்துவது), ஃப்ரீசிங்க் (விளையாட்டு தரும் படங்களின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றிக்கொள்ளும் வசதி). இணைத்தவுடன் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. அதில் வியப்பில்லை, உண்மையான 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்தாலும் விண்டோஸ் பல வேளைகளில் 60-இலேயே நிற்கும், அமைப்புகளுக்குள் சென்று நாமே மாற்ற வேண்டும். மாற்றச் சென்றபோது பட்டியலில் 60, 75 என்ற இரண்டே எண்கள் இருந்தன. கிராஃபிக்ஸ் டிரைவரின் பக்கத்தில் ஃப்ரீசிங்க் வரம்பு 48 முதல் 75 வரை என்று தெளிவாக எழுதியிருந்தது. உண்மை முழுவதும் முதல் நாளிலேயே என் கண்முன் இருந்தது. நானோ டிரைவர் ஏதோ சரியாக ஏறவில்லை என்று எண்ணிக்கொண்டு, விற்றவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

அவருடைய ஆள் ஒருவர் தொலைவிலிருந்தே என் கணினிக்குள் நுழைய அனுமதி கேட்டார், கொடுத்தேன். சிறிய மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கி, ஏதோ எண்களை இட்டு, கணினியை மறுபடி தொடங்கச் செய்தார். பட்டியலில் 144 வந்துவிட்டது. “பாருங்க சார், வந்துடுச்சு. மானிட்டர் மெனுவுலயும் பாருங்க” என்றார். பார்த்தேன், மானிட்டரின் சொந்த மெனுவிலும் 144 என்றே இருந்தது. நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

அன்று நடந்தது என்ன என்பது பின்னர்தான் விளங்கியது. ஒவ்வொரு மானிட்டரும் தன்னால் இயலும் தெளிவையும் புதுப்பிப்பு வீதத்தையும் இடிஐடி எனப்படும் சிறு தரவுத் தொகுப்பாகக் கணினிக்குச் சொல்லும். என் மானிட்டர் தன்னைப் பற்றி நேர்மையாகவே ‘என் எல்லை 75’ என்று சொல்லியிருந்தது. அந்த ஆள் அதன் வாயை மூடிவிட்டு, நொடிக்கு 144 முறை படம் அனுப்பும்படி கணினியைக் கட்டாயப்படுத்தியிருக்கிறார். மானிட்டருக்குள் உள்ள ஸ்கேலர் சில்லு அந்த 144 படங்களையும் வாங்கிக்கொண்டு, படத்தைக் காட்டும் பலகையான பேனலால் தாங்க முடிந்ததை மட்டும் காட்டிவிட்டு மீதியை வீசிவிடுகிறது. மானிட்டரின் மெனு காட்டும் எண் உள்ளே வரும் சிக்னலின் எண்ணே தவிர, பேனலில் உண்மையில் மாறும் படங்களின் எண் அன்று. இந்த ஒன்றை அறியாததால்தான் நான் ஏமாந்தேன்.

விளையாடத் தொடங்கியதும் ஏதோ இடறியது. ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது கணினி நொடிக்கு உருவாக்கும் படங்களின் எண்ணிக்கை, 140-ஐத் தொட்டு நின்றது. ஆனால் என் பழைய மடிக்கணினித் திரையின் ஓட்டம் அதில் இல்லை. விளையாட்டு 100 ஃப்ரேம் அளவுக்கு இறங்கும்போது நிலைமை இன்னும் மோசமாகி, பார்வையைத் திருப்பினால் காட்சி விட்டு விட்டு நகர்ந்தது. மறுபடியும் அழைத்தேன். “சார், ரெண்டு மாசமா 60-ல ஓட்டியிருக்கீங்க, கண்ணு அதுக்குப் பழகிப்போச்சு. ஒரு பதினஞ்சு நாள் விளையாடுங்க, தானா செட் ஆயிடும்” என்றார்கள். இரண்டு மாதம் 60 ஹெர்ட்ஸில் ஓட்டியதை முதல் அழைப்பில் நானேதான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் பொய் அப்போதே பிடிபட்டிருக்கும். பழக்கம் என்பது இரண்டு திசைகளிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. உயர் வீதத்திலிருந்து தாழ்ந்த வீதத்திற்கு இறங்குபவருக்குத்தான் நாள்கணக்கில் அவதி. அங்கே இழந்ததை ஈடுகட்டக் கை புதிய வழிகளைக் கற்க வேண்டியிருக்கிறது. 60-இலிருந்து 144-க்கு ஏறுபவர் வேறுபாட்டைக் காண விளையாட்டைத் திறக்கவே வேண்டாம். வெற்றுத் திரையில் மவுஸ் அம்பை வட்டமாகச் சுற்றினாலே போதும். 1920 புள்ளி அகலமுள்ள திரையை அம்பு அரை நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸில் அது 30 இடங்களில் மட்டும் தோன்றும், ஒவ்வொரு தாவலும் 64 புள்ளி. 144 ஹெர்ட்ஸில் 72 இடங்களில் தோன்றும், தாவல் ஏறத்தாழ 27 புள்ளிதான். முதல் விநாடியிலேயே தெரியும் இந்த நெருக்கத்தைக் காண எந்தக் கண்ணுக்கும் பயிற்சி தேவையில்லை. ஏறிய பிறகு மவுஸ் வேகத்தையும் குறி வைக்கும் நேரத்தையும் திருத்திக்கொள்ளக் கைக்குச் சில நாள் ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் சீரான ஓட்டத்தைச் சீரானதாகக் காணக் கண்ணுக்குப் பதினைந்து நாள் ஆகும் என்று சொல்பவர், ஒன்று விவரம் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது நாளைக் கடத்துபவராக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை அழைத்தபோது பழி கேபிளின் மேல் விழுந்தது. அவர்களிடமே வேறொரு எச்டிஎம்ஐ கேபிளைக் காசு கொடுத்து வாங்கினேன். அது வந்து சேர்வதற்குள் இன்னும் நான்கு நாள் போய்விட்டது. கெடுவும் அதனுடன் போய்விட்டது. கேபிளைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்: எச்டிஎம்ஐ 2.0-இன் கொள்ளளவு நொடிக்கு 18 கிகாபிட், 1920×1080 தெளிவில் 144 ஹெர்ட்ஸுக்கு அது தாராளம். கேபிள் பழுதானால் திரை கறுத்துப்போகும், புள்ளி புள்ளியாக மின்னும், சிக்னல் இல்லை என்ற செய்தி வரும். ஒன்று விட்டு ஒன்றாக ஃப்ரேமைப் பொறுக்கி எறியும் அறிவு எந்தக் கேபிளுக்கும் கிடையாது.

உண்மை வெளிப்பட்டது தற்செயலாகத்தான். நண்பர் ஒருவரின் கணினியில் இந்த மானிட்டரை இணைத்தபோது, பட்டியலில் மறுபடி 60, 75 என்ற இரண்டே எண்கள் வந்தன. 144 என்பது மானிட்டரில் இல்லை, என் கணினியில்தான் இருந்திருக்கிறது! வீட்டுக்குத் திரும்பி, பிளர் பஸ்டர்ஸ் தளத்தின் டெஸ்ட்யுஎஃப்ஓ பக்கத்தில் உள்ள ஃப்ரேம் தவறும் சோதனையை ஓட்டினேன். கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட திரையில், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு கட்டமாக வரிசையில் ஒளிர்ந்துகொண்டே போகும். வெறுங்கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. கைபேசி கேமராவை ப்ரோ முறையில் வைத்து, ஷட்டரை நொடியில் பத்தில் ஒரு பங்குக்குத் திறந்து, கை ஆடாமல் படம் எடுக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் உண்மையானால் அந்தப் படத்தில் ஏறத்தாழ 14 கட்டங்கள் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக ஒளிர்ந்திருக்கும். என் படத்தில் சதுரங்கப் பலகையைப் போல ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. நொடிக்கு 144 என்று விற்கப்பட்டது நொடிக்கு 72 படங்களை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் நேர்மையாக இருந்த 75-ஐ விடவும் குறைவு!

பெட்டியில் இருந்த மற்ற இரண்டு வாசகங்களும் இதே தரம்தான். ஃப்ரேம் எண்ணிக்கை வரம்பின் கீழெல்லையை விட்டு இறங்கினால் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கும் உத்தி ஃப்ரீசிங்கில் உண்டு. ஆனால் மேலெல்லை கீழெல்லையைப் போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருந்தால்தான் அது இயங்கும். 48-க்கு 75 இரண்டு மடங்கில்லை. ஆகவே விளையாட்டு கனத்து 48-க்குக் கீழே இறங்கும் வேளையில், அதாவது உதவி மிகவும் தேவைப்படும் வேளையில், அது கைவிட்டுவிடும். 1 மில்லி வினாடி என்பதோ, பின்விளக்கை விட்டு விட்டு எரியச் செய்து அசைவின் மங்கலைக் குறைக்கும் முறையில் அளந்த எண்; அதை இயக்கினால் திரையின் வெளிச்சம் பாதியாகிவிட்டது போல மங்கியது, ஃப்ரீசிங்க்கும் அணைந்துகொண்டது. போதாததற்கு, புள்ளிகளை வேகமாக நிறம் மாறத் தூண்டும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பு உச்சத்தில் வைக்கப்பட்டு வந்திருந்தது. தாழ்ந்த புதுப்பிப்பு வீதத்தில் ஓவர்டிரைவை அவ்வளவு ஏற்றினால் ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கேட்டபோது ‘ஷார்ப்னெஸ் சார்’ என்றார்கள். நடுநிலைக்குக் குறைத்ததும் அது மறைந்துவிட்டது.

இந்தச் சான்றுகளுடன் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ‘செட்டிங்கில் 144 காட்டுகிறது, எனவே பழுது இல்லை’ என்பது முதல் பதில். படத்தைக் காட்டினேன், கேமராவின் கோளாறு என்றார்கள். நொடிக்கு 240 படம் பிடிக்கும் ஸ்லோ மோஷனில் அதே சோதனையைப் பதிவு செய்து மறுநாள் எடுத்துச் சென்றேன். உண்மையான 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு கட்டமும் அந்தப் பதிவில் இரண்டு படங்களுக்குள் மாறிவிட வேண்டும். இங்கே ஒவ்வொன்றும் மூன்று, நான்கு படங்களுக்கு அசையாமல் நின்றது. அதைப் பார்த்த பிறகு அங்கிருந்தவர் சொன்ன பதில், எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்பையே வரவழைத்தது: மனிதக் கண்ணால் 60-க்கு மேல் பார்க்கவே முடியாதாம். அப்படியானால் 144 என்று அச்சிட்டு அதற்கென்று கூடுதல் விலை வைத்தது யாருடைய கண்ணுக்காக? பழைய குழாய் மானிட்டர்களில் 60-இல் திரை மினுமினுத்துக் கண் வலித்ததால் 85-க்கு ஏற்றிக்கொண்டு வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மினுக்கமும் அசைவும் வேறு வேறு என்றாலும், 60 என்பது கண்ணின் எல்லைக்கோடு அன்று என்பதற்கு அதுவே போதும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. 144 வரவில்லை என்றவுடன் எல்லாமே மோசடி என்று முடிவு கட்டிவிட முடியாது. சில நல்ல மானிட்டர்களில் முழு வீதம் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பின் வழியாக மட்டுமே கிடைக்கும், எச்டிஎம்ஐ துளையில் குறைவாக இருக்கும். கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கும். சில மடிக்கணினிகள் மின் இணைப்பைப் பிடுங்கியதும் மின்கலத்தைச் சேமிப்பதற்காகத் தம் திரையை 60-க்கு இறக்கிக்கொள்ளும். இவற்றையெல்லாம் முதல் நாளிலேயே சரிபார்த்துவிடுங்கள். அதன் பிறகும் பட்டியலில் அந்த எண் தானாக வரவில்லை என்றால், அதை ‘வரவழைத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் எவரையும் உங்கள் கணினிக்குள் விடாதீர்கள். பட்டியலையும், டிரைவர் காட்டும் ஃப்ரீசிங்க் வரம்பையும், பெட்டியின் வாசகத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, அன்றே எழுத்தில் முறையிடுங்கள். நான் பேசியதெல்லாம் தொலைபேசியில்; பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னதற்கு என்னிடம் ஒரு வரிகூடச் சான்றில்லை. கட்டச் சோதனைக்குத் தேவைப்படுவது ஒரு கைபேசியும் ஐந்து நிமிடமும்தான்; அதைப் பெட்டி பிரித்த அன்றே செய்துவிடலாம்.

சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளில் ‘குறை ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அந்தத் தாளையும் படங்களையும் பதிவையும் இணைத்து, விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் எழுத்து மூலம் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது; இன்னும் பதில் இல்லை. அந்த ஆள் இட்டுச் சென்ற எண்களை நீக்கிவிட்டு மானிட்டரை 75-இலேயே வைத்திருக்கிறேன். அந்த வீதத்தில் கட்டச் சோதனையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழெட்டுக் கட்டங்கள், நடுவில் ஓர் இருட்டுக்கூட இல்லை.