சைதாப்பேட்டைச் சந்தையில் ஒரு குடும்பக் காய்கறிக் கடை: வாடிக்கையாளரின் மதிப்பீடு

சைதாப்பேட்டை பஜார் சாலையை ஒட்டிய சந்தையில் ஒரு குடும்பம் நடத்தும் காய்கறிக் கடையில் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மூன்று மரத்தட்டுகளும் ஒரு தராசும் கீரைக்கென்று ஒரு மூலையில் விரித்த ஈரச்சாக்கும்தான் அதன் அடையாளம். காய்களின் தரத்திலும் எடையிலும் இந்தக் கடையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விலை நியாயமானது, ஆனால் ஊரிலேயே குறைவானது என்று சொல்ல மாட்டேன். விலைப்பட்டியல் வைக்காததும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளை இன்னும் விடாததும் திருத்திக்கொள்ள வேண்டியவை. இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாக இருப்பது தட்டில் அடுக்கி வைத்த காய் மட்டும் அன்று; அது தட்டுக்கு வந்து சேர்வதற்கு முன் நான்கு பேர் பார்க்கும் வேலையும்தான். ஆகவே அதையே விரிவாக எழுதுகிறேன்.

கணவர், மனைவி, கணவரின் தாயார், படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கே வந்துவிட்ட மகன் ஆகிய நால்வரும் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். கொள்முதல் தந்தையின் பொறுப்பு. மகன் உடன் செல்கிறார். சென்னையின் மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியில் நடந்த காலத்தில் தாயாரும் அவருடைய கணவரும் அங்கே சென்று கொள்முதல் செய்தவர்கள். 1996இல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு இவர்களின் பயணமும் மாறியது. வெளியூர் லாரிகள் இரவில் வந்து இறங்குவதால் விடியும்வரை காத்திருப்பவருக்கு நல்ல சரக்கு மிஞ்சாது. எனவே ஊர் உறங்கும் நேரத்தில் புறப்பட்டு, மண்டிக்கு மண்டி நடந்து, விலை கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்து, சுமைக்கூலி கொடுத்து, அதே சந்தையின் வேறு இரண்டு கடைக்காரர்களோடு பங்கு போட்டு அமர்த்திய குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.

பெட்டியைத் திறந்து பார்ப்பது எளிதாகத் தோன்றலாம். இந்தக் கடையின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. தக்காளிப் பெட்டியில் மேல் அடுக்கு எப்போதும் அழகாகவே இருக்கும். பாரம் தாங்கி நசுங்குவதும் சாறு விட்டுப் பக்கத்துக் காயைக் கெடுப்பதும் அடி அடுக்கு என்பதால், தந்தை பக்கவாட்டில் கையை விட்டு அடியிலிருந்து இரண்டு மூன்று பழங்களை எடுத்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை என்று மகன் சொல்கிறார். ஆந்திரத்தின் மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் வரும் தக்காளி நீண்ட வழி கடந்து வருவதால், நன்கு பழுத்ததை எடுத்தால் மறுநாளைக்கே தாங்காது, செங்காயாக எடுத்தால் அன்றைய வாடிக்கையாளர் வாங்கமாட்டார். இரண்டையும் அளவாகக் கலந்து எடுப்பதற்கு மறுநாள் என்ன கிழமை, முகூர்த்தம் உண்டா, மழை வருமா என்று இத்தனையையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

நாசிக் வெங்காயத்திலும் இதே கவனத்தைப் பார்க்கலாம். கோடையில் அறுவடையாகிப் பட்டறையில் உலர்ந்த பழைய வெங்காயம் வாரக்கணக்கில் கெடாது. மழைக்கால அறுவடையில் வரும் புது வெங்காயம் ஈரம் மிகுந்து சீக்கிரம் அழுகும். இரண்டும் சந்தையில் ஒன்றாகக் கிடைக்கும் மாதங்களில் கலந்து விற்பவர்கள் உண்டு. இவர்கள் தனித்தனியாகக் குவித்து, புதியதை வாங்குபவரிடம் "ரெண்டு கிலோவுக்கு மேல வாங்காதீங்கம்மா, தங்காது" என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு கிலோ கூடுதலாக விற்கும் வாய்ப்பைக் கண்ணெதிரே விட்டுவிடும் இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரக்கு வந்து இறங்கியதும் வேலை பெண்கள் கைக்கு மாறுகிறது. மாமியாரும் மருமகளும் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையையும் மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் தரமானது தட்டுக்குப் போகிறது. சிறு அடிபட்டது, உருவம் கோணியது, அன்றைக்கே சமைத்தாக வேண்டியது ஆகியவை கூறு கட்டப்பட்டு ஏறக்குறையப் பாதி விலைக்கு விற்கப்படுகின்றன. சொத்தையும் அழுகலும் மாடு வைத்திருப்பவருக்குப் போகின்றன. கீரைக்கட்டைத் தளர்த்தி மஞ்சள் இலையைக் களைந்து வேரை நீரில் நனைத்து மீண்டும் கட்டுவது, முட்டைக்கோஸின் வாடிய மேலிலையை உரிப்பது, பீன்ஸில் முற்றலைப் பொறுக்குவது என்று முதல் போணிக்கு முன்னரே அவர்களின் முதுகு வலிக்கத் தொடங்கிவிடுகிறது. தாயாரை வாடிக்கையாளர் அனைவரும் ஆயா என்றே அழைக்கிறோம். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களை அவர் தடுப்பதில்லை, ஆனால் ஒடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த உழைப்பின் பலன் நம் சமையலறையில் தெரிகிறது. இங்கே வாங்கும் கத்தரிக்காயை நறுக்கும்போது பூச்சி அரித்த காய் அரிதாகவே வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக்கத்தரி கிடைக்கும் நாள்களில் அதைத் தனியே வைத்திருப்பார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான காயை நான் அறியேன். நீலகிரி கேரட் அங்கேயே இயந்திரத்தில் கழுவப்பட்டுப் பளபளப்பாக வருவதால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஈரத்தோடு கட்டி வைத்தால் வழவழத்துவிடும். இவர்கள் அதைச் சாக்கில் பரப்பி உலரவிட்டு விற்பதால் வீட்டில் ஒரு வாரம்வரை தாக்குப்பிடிக்கிறது. முருங்கைக்காய் மட்டும் பருவத்தைப் பொறுத்தது. ஒட்டன்சத்திரத்துச் சரக்கு வரும் மாதங்களில் சதைப்பற்றும் மணமும் நிறைந்திருக்கும். மழையும் குளிரும் காய்ப்பைக் குறைக்கும் மார்கழி, தை மாதங்களில் விலை பல மடங்கு ஏறும், சுவையும் குறையும். அப்போது கேட்டால், "இப்ப முருங்கை வேணாங்கா, பேருக்குத்தான் இருக்கு" என்று மகன் நேராகவே சொல்லிவிடுவார்.

விலையைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. கோயம்பேட்டு மொத்த விலையைச் செய்தியில் படித்துவிட்டு வந்து, அங்கே 30 ரூபாய் என்றால் இங்கே எப்படி 42 என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கேள்விக்குரிய கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. 25 கிலோ கொண்ட ஒரு பெட்டித் தக்காளி கிலோ 30 ரூபாய் வீதம் 750 ரூபாய் ஆகிறது. சுமைக்கூலியும் வண்டிப் பங்கும் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரிக்கும்போது 2 கிலோ கழிவாகப் போய், 4 கிலோ கூறுக்கு ஒதுங்கினால், மீதி 19 கிலோவை 42 ரூபாய்க்கு விற்று 798 ரூபாயும், கூறைக் கிலோ 20 ரூபாய்க்கு விற்று 80 ரூபாயும் வரும். மொத்தம் 878 ரூபாயில் 790 ரூபாய் அடக்கம் போனால் கையில் நிற்பது 88 ரூபாய். அதுவும் அன்றே எல்லாம் விற்றுத் தீர்ந்தால்தான். கடை வாடகை, மின்சாரம், நான்கு பேரின் உழைப்பு யாவும் இப்படிப்பட்ட சிறு தொகைகளிலிருந்தே வர வேண்டும். 12 ரூபாய் வித்தியாசத்தைக் கொள்ளை என்று சொல்பவர்கள் கழிவை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறைந்த விலை ஒன்றே வேண்டுமென்பவருக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விவசாயியே இடைத்தரகர் இன்றி நேராக விற்பதால் விலை குறைவது இயல்பே. உழவர் சந்தை அருகில் இருப்பவர்கள் அங்கே வாங்குவதே சரி என்பேன். ஆனால் உழவர் விளைவிப்பதைத்தான் அங்கே விற்க முடியும். நாசிக் வெங்காயமும் ஆக்ரா உருளைக்கிழங்கும் ஊட்டிக் கேரட்டும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இத்தகைய கடைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் பதிவு செய்தால் சில நிமிடங்களில் காய்கறி கொண்டுவந்து தரும் சேவைகளையும் பயன்படுத்தியிருக்கிறேன். அவசரத்துக்கு உதவுகின்றன, தள்ளுபடி நாள்களில் விலையும் குறைவாக இருக்கிறது. ஆனால் இளசா முற்றலா என்று பார்க்கவும், கால் கிலோ அவரையோடு இரண்டு பச்சை மிளகாய் மட்டும் கேட்கவும், இன்றைக்கு எந்தக் காய் நன்றாக இருக்கிறது என்று விசாரிக்கவும் அங்கே வழியில்லை.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வாங்குவோருக்கு அது பெரிய உதவி. விலை ஏறினால் காய்கறிக் கடைக்காரருக்கு லாபம் என்று அப்போது பலரும் நினைத்தார்கள், நடந்தது வேறு. ஒரு பெட்டிக்குப் போட வேண்டிய முதல் மும்மடங்காகியது. ஒரு கிலோ வாங்கியவர் கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டார். அழுகும் ஒவ்வொரு பழமும் முன்னைவிடப் பெரிய நஷ்டமாயிற்று. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தரும் தினவட்டிக்குச் சிறு வியாபாரிகள் இத்தகைய நேரத்தில்தான் சிக்குகிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்தும் அந்தப் பழக்கம் சந்தைகளிலிருந்து முற்றாகப் போகவில்லை. இவர்கள் மண்டியில் கணக்கு வைத்து, அன்றைய சரக்குக்கு மறுநாள் பணம் கட்டும் நாணயத்தைக் காப்பாற்றி வந்ததால் அந்தக் கடனுக்குப் போகாமல் தப்பினார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு மொத்தச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனபோதும், செப்டம்பர் இறுதியில் மீண்டும் திறக்கும்வரை, இரு மடங்குக்கும் மேலான தொலைவு சென்று சேற்றில் நின்று சரக்கெடுத்து வந்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் பலரின் அடுப்பு தடையின்றி எரிந்ததற்கு இக்குடும்பமும் ஒரு காரணம்.

எடை விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை பெற வேண்டும் என்பது விதி. முத்திரைச் சான்றிதழைக் கடையின் பின்சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். எண் தெரியும் பக்கம் வாங்குபவரை நோக்கியே இருக்கிறது. வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் எடை குறைந்ததில்லை. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கேட்காமலே பையில் விழும். கொத்தமல்லி விலை ஏறிய நாளில் மட்டும் கறிவேப்பிலையோடு நின்றுவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை எழுதிய பலகை இல்லாததால் ஒவ்வொரு காய்க்கும் விலை கேட்க வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவர், குறிப்பாகத் தமிழ் தெரியாதவர், தயங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். வழக்கமாக வருபவருக்கு ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை என்ற வேறுபாடு இங்கே இல்லை என்பதால், ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தால் அவர்களுக்கே நல்ல பெயர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்திருக்கிறது; ஆயினும் பை கொண்டுவராதவருக்கு இவர்கள் மெல்லிய பையில்தான் போட்டுத் தருகிறார்கள். மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்கிறார் மனைவி. அவர் அச்சம் புரிகிறது. அதற்கு மாற்று மஞ்சப்பையோடு போகும் நம்மிடமும் இருக்கிறது. ஞாயிறு காலையில் நெரிசல் மிகுதி; வயதானவர்கள் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. நண்பகலுக்குப் பின் கீரை கிடைக்காது, அப்போது மனைவி மட்டுமே கடையில் இருப்பார். இரவில் கண்விழித்த ஆண்கள் இருவரும் உறங்கும் நேரம் அது. அவருக்கு மாலைவரை இடைவெளி இல்லை. அந்த நேரத்தில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். காலை ஏழு மணிக்கு முன் சென்றால் கீரையும் பிஞ்சுக் காய்களும் கிடைக்கும். விலை குறைந்த கூறு வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு மேல் செல்லலாம். அமாவாசைக்கு முந்தைய நாள் வாழைக்காய், பூசணி, அவரை, வாழை இலை ஆகியவற்றைக் கூடுதலாக எடுத்து வருவார்கள், ஆனால் முற்பகலிலேயே தீர்ந்துவிடும். வீட்டு விசேஷத்துக்கு மொத்தமாக வேண்டுமானால் இரண்டு நாள் முன்னதாகப் பட்டியல் கொடுத்தால், மண்டி விலையோடு வண்டிச் செலவும் சிறு கூலியும் சேர்த்து வாங்கித் தருகிறார்கள். எங்கள் வீட்டு வளைகாப்புக்கு அப்படி வாங்கியதில் ஒரு காய்கூட வீணாகவில்லை. கைப்பேசி வழியே பணம் செலுத்தலாம். கடன் கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் மறுக்க மாட்டார்கள், ஆனால் மறுநாள் விடியற்காலையில் மண்டியில் கட்ட வேண்டிய பணம் அது.