கரண்டுத் தொட்டில்: நான்கு மாதம் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தொட்டில் மோட்டாரை இன்னொரு தடவை வாங்கச் சொன்னாலும் வாங்குவேன். ஆனால் எந்த ஸ்பிரிங்கோடு வாங்குவது, யார் பக்கத்தில் இருக்கும்போது ஓடவிடுவது என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், பிள்ளைக்கும் ஆபத்து. முதல் தடவை நான் அப்படித்தான் வாங்கினேன். கைப்பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனாலும் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வாயில் வருவது பழைய பெயர்தான். மூத்தவனுக்கு நான்கு வயது, தாடிகா (பாலர் பள்ளி) போகிறான். சின்னவளுக்கு ஆறு மாதம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். நான் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூத்தவன் பிறந்தபோது எனக்கு 60 நாள்தான் பிரசவ விடுப்பு, உடம்பு தேறுவதற்குள் வேலைக்கு ஓடினேன். 2023 ஜனவரியிலிருந்து அது 98 நாளாகிவிட்டது, அப்பாக்களுக்கும் 7 நாள் உண்டு. அந்த 98 நாள் எவ்வளவு பெரிய உதவி என்று இரண்டையும் பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஆனால் 98 நாளும் ஒரு நாள் முடியும் இல்லையா, அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. அம்மாவுக்கு 63 வயது, முப்பது வருஷம் பால்மரம் சீவிய கை, வலது தோளைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. எங்கள் சின்னவளோ ஆட்டினால்தான் தூங்குவாள், நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்ப்பாள். இதுதான் கதை.

அம்மா காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் உத்தரம் இருந்தது. பழைய நூல் சேலையை அதில் கட்டினால் தொட்டில் ஆகிவிட்டது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்களாம், அங்கே வரிசையாகத் தொங்கும் தொட்டில்களை ஒரே ஆயா ஆட்டிக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்வார். நாங்கள் இருப்பது தாமான் வீடு, அதாவது புதுக் குடியிருப்புப் பகுதி வீடு. மேலே மெல்லிய சிலிங் பலகைதான், அதில் ஒரு கொக்கி அடித்தால் பிள்ளையோடு சேர்ந்து அதுவும் கீழே வரும். அதனால் இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அதில் ஸ்பிரிங் வேண்டும். சேலைத் தொட்டில் பக்கவாட்டில் ஆடும், ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் துள்ளும். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் மோட்டார் என்ன செய்கிறது என்பது புரியும். மோட்டார் தொட்டிலைத் தூக்கிப் போடுவதில்லை, ஸ்பிரிங்கின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் தானாகத் துள்ளும் தாளத்தில் அந்த இழுப்பு விழுந்தால், சின்ன இழுப்பே போதும்.

முதலில் வாங்கியது இணையத்தில். மலிவு, படம் அழகாக இருந்தது, மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்பிரிங்கும் மோட்டாரும் சேர்ந்தே வந்தன, பிள்ளையின் எடை என்ன என்று எங்கேயும் கேட்கவில்லை. ஸ்பிரிங் தடியாக இருந்ததால் நல்ல பலம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவள் நாலு கிலோகூட இல்லை. அந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் அசையவே இல்லை, மோட்டார் மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்து முனகியது. மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்து எழுந்தேன். மோட்டார் பெட்டியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. பிள்ளை என் பக்கத்தில் மெத்தையில் இருந்தாள், தொட்டிலில் இல்லை. அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் அடாப்டரில் சிரிம் ஸ்டிக்கரே (நம் நாட்டுத் தரச்சான்று முத்திரை) இல்லை, ரெண்டு கால் பிளக், நம் ஊர் மூணு கால் சுவிட்சில் செருக ஒரு மாற்றுக் கட்டை வைத்துக் கொடுத்திருந்தார்கள். இதை வந்த அன்றே பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பெட்டியைப் பிரித்தவுடன் முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம்தான் டவுனுக்குப் போனேன். பழைய கடை வரிசையில் ஒரு சீனர் கடை இருக்கிறது. பாய், வாளி, சாமி விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி என்று எல்லாம் தொங்கும். கடை முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவோம், எழுபது வயது இருக்கும், தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நம்மைப் போலவே தமிழ் பேசுவார். தொட்டில் மோட்டார் வேண்டும் என்றேன். மோட்டாரை எடுக்கவே இல்லை, "தங்கச்சி, புள்ள எத்தனை கிலோ?" என்றார். நாலு கிலோ எழுநூறு என்றேன். மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் தொங்கவிட்டு ஒரு விரலால் தட்டினார். பை அழகாக ஏறி இறங்கியது. பிறகு அதே மாதிரி பழைய ஸ்பிரிங் ஒன்றை எடுத்து அதில் பத்து கிலோ அரிசியை மாட்டினார். சுருள்களுக்கு நடுவே விரல் போகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. அரிசியை எடுத்த பிறகும் அது முழுசாக மூடவில்லை, கொஞ்சம் வாய் திறந்தபடியே நின்றது. "இப்படி ஆயிட்டா தூக்கி வீசு. காசு பாக்காத" என்றார். இருபது வார்த்தைகூட இருக்காது, எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது.

குழந்தை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும், ஒரு வயதில் மூன்று மடங்கு. அப்படியென்றால் ஒரே ஸ்பிரிங்கை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம் என்ற நினைப்பே தப்பு. எங்களுடையவள் பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 7.2. முதல் ஸ்பிரிங்கை நாலாவது மாதமே மாற்றிவிட்டோம்.

விலையைச் சொல்கிறேன். ஸ்டாண்டு 95 வெள்ளி (ரிங்கிட்), மோட்டார் 168, ஸ்பிரிங் 15, அதோடு ஒரு வலைத்துணித் தொட்டில் 20, மொத்தம் 298 வெள்ளி. இணையத்தில் கொடுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அடாப்டரில் சிரிம் ஸ்டிக்கர் இருந்தது, மூணு கால் பிளக், ஒரு வருஷ வாரண்டி. ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு நைலான் கயிறு ஓடுகிறது. ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் அந்தக் கயிற்றில் நிற்கும். அந்தக் கயிறு இல்லாத தொட்டிலை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மோட்டார் எப்படி என்று கேட்டால், நன்றாக இருக்கிறது. வேகம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என்று டைமர், சின்ன ரிமோட். சத்தம் காற்றாடியை ஒன்றில் வைத்த மாதிரிதான். அடாப்டரில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, அதாவது அதிகபட்சம் 24 வாட், பத்து மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் ஆகாது. கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயந்த என் நாத்தனாருக்காக இதைக் கணக்குப் போட்டேன். சாயங்கால இடி மழையில் கரண்ட் போனாலும் தொட்டில் அப்படியே நிற்பதில்லை, ஸ்பிரிங் தனியாக இருப்பதால் கையால் ஆட்டலாம். இது எல்லா மோட்டாரிலும் முடியாதாம், கடையிலேயே கரண்ட் இல்லாமல் ஆட்டிப் பாருங்கள்.

பிடிக்காதது இரண்டு. மோட்டாரில் ஒரு நீல விளக்கு எரிகிறது, இருட்டில் அறை முழுக்க நீலம், பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். கறுப்பு டேப் ஒட்டினேன். இரண்டாவது அந்த வலைத்துணித் தொட்டில். நைலான், நம் ஊர் புழுக்கத்துக்கு ஆகவே ஆகாது, பத்து நிமிஷத்தில் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அந்த 20 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். அம்மாவின் பழைய பாத்தேக் சாரோங்கை மாட்டிவிட்டோம், நூறு தடவை துவைத்துப் பஞ்சாகிப் போன துணி. மேலே தொட்டில் கட்டை வைக்க மறக்கக்கூடாது. கட்டை இல்லாவிட்டால் துணி இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளை முகத்தை மூடும், காற்று போகாது.

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்த மிஸ்ஸி (நர்ஸ்) தொட்டிலைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை, திட்டவும் இல்லை, உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். ராத்திரித் தூக்கம் சமமான, கெட்டியான மெத்தையில், மல்லாக்கப் படுக்க வைத்து, தலையணை இல்லாமல். துணித் தொட்டிலில் உடம்பு வளைந்து கிடக்கும், சின்னப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கும். தாடைக்குக் கீழே இரண்டு விரல் போகிற இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வேகத்தையும் கூட்டக்கூடாது, அழுகிற கோபத்தில் வேகமாக ஆட்டவே கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம் இதுதான்: தொட்டிலில் தூங்க வைப்பது, நன்றாகத் தூங்கியதும் மெத்தைக்கு மாற்றுவது, தொட்டிலில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் அதே அறையில். டைமரை அரை மணிக்கு மேல் வைப்பதில்லை. இதைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வரலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மூத்தவன் விஷயம் தனி. வந்த இரண்டாவது நாளே அவன் தொட்டிலில் தொங்கப் பார்த்தான், மூன்றாவது நாள் ஸ்பிரிங்கில் விரலை விட்டுக்கொண்டான். தோல் கன்றிப்போய் ஒரே அழுகை. ஸ்பிரிங்குக்கு உறை மாதிரி துணி தைத்துப் போட்டேன், தவுக்கே கடையில் 5 வெள்ளிக்கே கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. தொட்டிலின் அடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, கீழே மெத்தை, ஸ்டாண்டின் நாலு காலிலும் ரப்பர் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும், டைல்ஸ் தரையில் ரப்பர் போனால் ஸ்டாண்டு நகரும். ரிமோட்டை அமுக்குகிற வேலையை மட்டும் அவனுக்குக் கொடுத்திருக்கிறோம். "பாப்பா, அண்ணன் ஆட்டவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அமுக்குவான்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மிஷின் ஆட்டினால் பிள்ளைக்குப் பாசம் எப்படி வரும் என்று கேட்டார். நான் வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், மோட்டார் ஓடவில்லை, அம்மா தரையில் உட்கார்ந்து தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆராரோ பாடிக்கொண்டிருக்கிறார், மடியில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி. மோட்டார் கெட்டுப்போச்சா என்று பதறிவிட்டேன். "இல்லம்மா, மத்தியானம் அதுதான் ஆட்டுச்சு. இப்ப தோளு வலிக்கல, அதான் நானே ஆட்டுறேன்" என்றார். மூத்தவனை வளர்த்தபோது ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொண்டு முனகியது எனக்கு ஞாபகம் வந்தது. 298 வெள்ளி எங்கள் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை, ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. அந்த ஒரு பதிலுக்கே சரியாகப் போயிற்று.

வீட்டில் கைமாற்ற இரண்டு மூன்று பேர் இருந்தால், பிள்ளை படுத்தவுடன் தூங்குகிற பிள்ளையாக இருந்தால், மோட்டார் தேவையே இல்லை, ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் போதும், 110 வெள்ளியோடு முடித்துக்கொள்ளலாம். ஒரே ஆளாக இரண்டு பிள்ளையைப் பார்க்கிறவர்கள், பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுக்குத்தான் மோட்டார். பிள்ளை தானாக எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டால் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்துவிடும், அதனால் நாங்களும் இன்னும் கொஞ்ச நாளில் கழற்றி மடித்து வைத்துவிடுவோம். என் தங்கைக்கு டிசம்பரில் பிரசவம், அவள் இப்போதே கேட்டுவைத்திருக்கிறாள். மோட்டாரையும் ஸ்டாண்டையும் கொடுப்பேன், ஸ்பிரிங்கைக் கொடுக்க மாட்டேன், அவள் புதுசுதான் வாங்க வேண்டும். தவுக்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிடுவார், போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பிள்ளையின் எடையை எழுதி எடுத்துக்கொண்டு.