சேர்வர் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது: ஒரே ரூட்டா, நிலையான பார்ட்டிஷன்களா, மிச்சம் விட்ட எல்விஎம்மா?

கொழும்பு புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் சேர்வர்களை நான் பராமரித்து வருகிறேன். பழைய கணக்குச் சேர்வரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 1 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டை மிரர் செய்து (ஒன்றின் பிரதியாக மற்றது இருக்கும்படி) புதிய சேர்வர் ஒன்றை அண்மையில் நிறுவினேன். நிறுவும்போது டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவானது. எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன: முழு டிஸ்க்கையும் ஒரே ரூட்டாக, அதாவது எல்லாக் கோப்புறைகளுக்கும் வேரான ஒரே பகுதியாக, விடுவது, ஒவ்வொன்றுக்கும் அளவு தீர்மானித்து நிலையான பார்ட்டிஷன்களாக வெட்டுவது, எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தைப் பின்னர் மாற்றக்கூடிய பகுதிகளாகப் பங்கிடும் லினக்ஸ் அடுக்கில்) வொலியூம்கள் எனப்படும் அந்தப் பகுதிகளைச் சிறியனவாக மட்டும் உருவாக்கி மிகுதியை எவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது. நான் தேர்ந்தது மூன்றாவது. அதன் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ரூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடம் எதுவும் ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பதில்லை, அளவைத் தவறாகக் கணிக்கும் பேச்சுக்கும் இடமில்லை. ஒரே ஒரு வேலையைச் செய்யும், பழுதானால் அழித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் மீண்டும் உருவாக்கக்கூடிய மெய்நிகர் சேர்வருக்கு இதுவே போதும்; மேகத்தில் வாடகைக்கு எடுத்த சிறிய சேர்வர்களில் நானும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே நிகழ்வுகளைப் பதியும் ஒரு லொக் கோப்பு கட்டுமீறி வளர்ந்தால் அது முழுச் சேர்வரையும் நிரப்பிவிடும். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை) வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகிக்கென, ஒதுக்கி வைப்பதால் உள்ளே நுழைந்து சுத்தம் செய்ய வழி கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரூட் உரிமையுடன் ஓடும் சேவைகளை அந்த ஒதுக்கீடு தடுப்பதில்லை. மேலும் தற்காலிகக் கோப்புகள் சேரும் /டெம்ப் போன்ற இடங்களில் நிரல்கள் ஓடாதபடி தடை போட்டு மவுண்ட் செய்யும் (முறைமையோடு இணைக்கும்) வசதியும் ஒரே ரூட்டில் நேரடியாகக் கிடைக்காது.

நிலையான பார்ட்டிஷன்கள் யுனிக்ஸின் பழைய மரபு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தின் பிடிபி-11 கணினியில் முதல் டிஸ்க் நிரம்பியபோது, முறைமையின் ஒரு பகுதி பயனர் கோப்புகள் இருந்த டிஸ்க்குக்கு வழிந்ததாலேயே /யூசர் (/usr) என்ற பிரிவு, நிரல்கள் இருக்கும் இடம் என்ற இன்றைய பொருளைப் பெற்றது என்பார்கள். இடப் பற்றாக்குறையால் வந்த அந்தப் பிரிவினை பின்னர் ஒரு விதிபோலக் கைமாறி வந்தது. 2012இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் வெளியீடு ரூட்டின் நிரல் கோப்புறைகளை /யூசருக்குள் இணைத்துவிட்டது. 2023இல் வந்த டெபியன் 12இலும் இந்த இணைப்பு கட்டாயமானது. ஆகவே /யூசரைத் தனியாக வெட்டுவதற்கு இன்று எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. /வார் (சேவைகளின் மாறும் தரவு), /வார்/லொக் (லொக் கோப்புகள்), /ஹோம் (பயனர் கோப்புகள்) ஆகியவற்றைப் பிரிப்பதற்குக் காரணம் இன்னும் இருக்கிறது: ஒன்றின் வீக்கம் இன்னொன்றின் மூச்சை அடைக்கக்கூடாது. இந்தக் காரணத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். என் கருத்து வேறுபாடு, பிரித்த கோடுகளைக் கல்லில் வெட்டுவதில்தான் இருக்கிறது.

சேர்வரை நிறுவும் நாளில் நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. தரவுத்தளம் ஆண்டுக்கு எவ்வளவு வளரும், அலுவலர்கள் ஸ்கான் செய்த ஆவணங்களை எங்கே குவிப்பார்கள், அடுத்த ஆண்டு யார் எந்தப் புதிய மென்பொருளைக் கேட்பார்கள் என்பதெல்லாம் அன்று தெரியாது. எனவே அளவுகள் தவறும், அதில் ஐயமில்லை. தவறிய அளவைத் திருத்த எவ்வளவு நேரமாகும், அந்த நேரத்தில் யாருடைய வேலை நிற்கும் என்பதே மூன்று வழிகளையும் எடைபோட நான் பயன்படுத்தும் ஒரே கல். இதற்கு முன் மற்றவை எல்லாம் இரண்டாம்பட்சம்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது 2022 மார்ச் மாதத்தின் கடைசி நாள். நிதியாண்டின் முடிவு, அந்த வாரத்தில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது, மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைப்பதே பெரும்பாடு. மின்சாரம் இருந்த சில மணித்தியாலத்துக்குள் கணக்குகளை முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் மேசைகளில் உட்கார்ந்திருந்த நேரத்தில், கணக்குப் பிரிவின் பொறுப்பாளரான அம்மையார் என்னை அழைத்து, "தம்பி, பில் ஒன்றும் சேமிக்குதில்லை, திரை அப்படியே நிற்குது" என்றார். பழைய கணக்குச் சேர்வரின் ரூட் வொலியூம் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. கணக்குகள் இருந்த மைசீக்குவெல் தரவுத்தளம், டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் உடனே விழுந்துவிடுவதில்லை. யாராவது இடம் விடுவித்துத் தருவார்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தபடி காத்திருக்கும். அதனால்தான் திரை பிழை எதுவும் காட்டாமல் உறைந்து நின்றது. 8.0 பதிப்பிலிருந்து, தரவு மாற்றங்களைப் பதியும் பைனரி லொக் இயல்பாகவே இயங்குகிறது. அது 30 நாள் கோப்புகளை வைத்திருக்கும். ஆண்டிறுதி வேலையின் வேகத்தில் அந்தக் கோப்புகள் எவ்வளவு பெருகும் என்பதை நான் முன்கூட்டியே கணக்கிடவில்லை.

இதில் மனம் வருந்தச் செய்தது இன்னொரு விடயம். அதே டிஸ்க்கில் /ஹோம் வொலியூமுக்குள் ஏறத்தாழ 780 ஜிபி வெறுமையாகக் கிடந்தது. நிறுவும்போது நான் நிறுவல் நிரலின் தானியங்கி ஏற்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன்: ரூட்டுக்கு 50 ஜிபி, மிகுதி முழுவதும் /ஹோமுக்கு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது எல்விஎம்தான். எல்விஎம் இருந்தும் அது எனக்கு உதவவில்லை, ஏனெனில் ஒரு ஜிபிகூட மிச்சம் விடாமல் எல்லாம் பங்கிடப்பட்டிருந்தது, /ஹோமில் இருந்ததோ எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. எக்ஸ்எஃப்எஸ்ஸை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெருப்பிக்கலாம். நடைமுறையில் சுருக்க முடியாது. ஈஎக்ஸ்டி4ஐச் சுருக்கலாம், ஆனால் அதற்கு முதலில் மவுண்ட்டை நீக்க வேண்டும். தரவுக் கோப்புறையை /ஹோமுக்கு மாற்றி இணைப்பு ஒன்றைப் போட்டுவிடலாம் என்று முயன்றேன். எஸ்ஈலினக்ஸின் பாதுகாப்பு விதிகள் தரவுத்தளத்தை அங்கே எழுத விடவில்லை. முடிவில், பிரதி எடுத்து வைத்திருந்த பழைய பைனரி லொக்குகளை நீக்கி அன்றைய நாளை ஓட்டினோம்.

நிரந்தரத் திருத்தத்துக்குச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலுவலகம் மூடியிருந்த அன்று மாலை தொடங்கி, /ஹோமின் 90 ஜிபியை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, சரிபார்த்து, வொலியூமை அழித்து, 200 ஜிபியில் மீண்டும் உருவாக்கி, கோப்புகளைத் திருப்பி எழுதி முடித்தபோது அதிகாலை இரண்டு மணி. விடுவித்த இடத்திலிருந்து ரூட்டைப் பெருப்பிக்க எடுத்த நேரம் பத்து விநாடிக்கும் குறைவு. பெருப்பிக்கப் பத்து விநாடி, சுருக்க ஓர் இரவு. இந்த ஏற்றத்தாழ்வை ஒருமுறை கையால் அனுபவித்தவர், தொடக்கத்தில் எவருக்கும் தாராளமாகக் கொடுக்கமாட்டார்.

புதிய சேர்வரில் செய்ததும் அதுதான். 1 டெராபைட் என்று விற்கப்படும் டிஸ்க் முறைமையின் கணக்கில் 931 ஜிபி. ரூட்டுக்கு 30, /வாருக்கு 40, /வார்/லொக்குக்கு 10, தரவுத்தளத்துக்கென்று தனியாக 150, /ஹோமுக்கு 150, நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வொப்புக்கு 4. சேர்வரைத் தொடக்கும் பூட் பகுதிகளையும் சேர்த்தால் 385 ஜிபி அளவில் முடிந்துவிட்டது. சுமார் 545 ஜிபி எவருக்கும் உரியதாக இல்லாமல் வொலியூம் குழுவில் (எல்விஎம்மின் பொது இடத்தில்) கிடக்கிறது. எந்த வொலியூம் 80 சதவீதத்தைத் தாண்டுகிறதோ அதற்கு, சேவையை நிறுத்தாமல், ஒரே கட்டளையில் வொலியூமையும் அதன் கோப்பு முறைமையையும் சேர்த்துப் பெருப்பித்துவிடலாம். இதுவரை தரவுத்தளத்துக்கு இரண்டு முறையும் லொக்குக்கு ஒரு முறையும் அப்படிச் செய்திருக்கிறேன். மூன்றும் அலுவலக நேரத்தில் நடந்தன, ஒருவரும் அறியவில்லை.

எண்களில் சிலவற்றுக்கு விளக்கம் தேவை. /பூட் பகுதிக்கு மட்டும் 1 ஜிபி என்று தாராளமாகக் கொடுத்தேன், ஏனெனில் அது எல்விஎம்முக்கு வெளியே நிற்கும் சாதாரண பார்ட்டிஷன், பின்னர் பெருப்பிப்பது கடினம். முறைமையின் மையக்கருவான கேர்னலின் பழைய பதிப்புகள் சேர்ந்து /பூட் நிரம்பி, பாதுகாப்பு இற்றைப்படுத்தல் பாதியில் நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஸ்வொப்பை நினைவகத்தின் இரு மடங்காக வைப்பது பழைய பழக்கம். எங்கள் 16 ஜிபி நினைவகத்துக்கு 4 ஜிபி போதும், ரெட்ஹட் ஆவணங்களும் 8 முதல் 64 ஜிபி வரையான நினைவகத்துக்குக் குறைந்தது 4 ஜிபி என்றே கூறுகின்றன. லொக்குக்கு 10 ஜிபி கொடுத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு: சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜேர்னல் என்ற லொக், தான் இருக்கும் கோப்பு முறைமையின் 10 சதவீதத்தை, அதிகபட்சம் 4 ஜிபியை, தன் எல்லையாகக் கொள்ளும். சிறிய வொலியூமில் அது தானாகவே 1 ஜிபியோடு அடங்கிவிடுகிறது.

சுருக்க வேண்டிவரலாம் என்று தோன்றும் /ஹோமுக்கும் /வாருக்கும் ஈஎக்ஸ்டி4 இட்டேன். வளர்வதைத் தவிர வேறொன்றும் செய்யாத தரவுத்தளத்துக்கு எக்ஸ்எஃப்எஸ். சிறு சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் சேரும் மின்னஞ்சல் சேர்வரானால் ஈஎக்ஸ்டி4இன் ஐநோட் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பாக 16 கேபிக்கு ஓர் ஐநோட் என்ற விகிதம் உருவாக்கும்போதே நிலைத்துவிடும், இடம் இருந்தும் புதிய கோப்பு எழுத முடியாத நிலை அதனால் வரலாம்.

உபுண்டு சேர்வரின் நிறுவல் நிரல் இந்த வழியையே தானாகப் பின்பற்றுகிறது: எல்விஎம் தேர்ந்தால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்து மிகுதியை விட்டுவைக்கும். வெள்ளவத்தையில் ஒரு சிறு அலுவலகத்தைப் பராமரிக்கும் இளைஞர் ஒருவர் பதற்றத்தோடு அழைத்து, "அண்ணா, ஒரு டெராபைட் டிஸ்க் போட்டேன், 100 ஜிபிதான் காட்டுது, மிச்சம் எங்கே?" என்று கேட்டார். முழுவதையும் ரூட்டுக்கு ஏற்றிவிடும் கட்டளையை அவர் ஏற்கெனவே தேடி எடுத்து வைத்திருந்தார். அதை அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சம் அவருடைய கையில் இருக்கும் சேமிப்பு. ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பி வாங்குவது எளிதல்ல.

எல்விஎம்முக்குக் குறைகள் உண்டு. டிஸ்க் பழுதாகும்போது தரவை மீட்க இன்னொரு அடுக்கைத் தாண்ட வேண்டும். ஸ்னப்ஷொட் (வொலியூமின் அந்தக் கணத்து நிலைப் பதிவு) எடுத்துவிட்டு மறந்தால் அதற்கென்று கொடுத்த இடம் நிரம்பி அது செல்லாததாகிவிடும். இல்லாத இடத்தையும் இருப்பதாகக் காட்டும் மெல்லிய ஒதுக்கீட்டு முறையை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன்: கண்காணிக்க ஒருவர் மட்டுமே இருக்கும் நிறுவனத்தில் அது ஆபத்து.

என் அனுபவம் மெலிந்த இடம் இசட்எஃப்எஸ், கோப்பு முறைமையும் டிஸ்க் நிர்வாகமும் ஒன்றான முறை. யுனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி நிறுவிய ஒரேயொரு பக்கப் சேர்வரில் இரண்டு ஆண்டுகளாக அதை ஓட்டுகிறேன். அங்கே அளவு என்ற பேச்சே மாறிவிடுகிறது: எல்லா டேட்டாசெட்டுகளும் (வொலியூம் போன்ற பிரிவுகள்) ஒரே குளத்திலிருந்து இடம் எடுக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் போடும் கோட்டாவை (உச்ச எல்லையை) ஒரு நொடியில் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. நான் தூக்கிப் பிடிக்கும் அந்த ஒரே கல்லில் நிறுத்தால் அது எல்விஎம்மை வென்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரவில் மட்டும் எழுதப்படும் பக்கப்பை வைத்து, நாள்முழுதும் அலைமோதும் கணக்குத் தரவுத்தளத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு உரிமையில்லை. அதே குடும்பத்தின் ஓபன்பிஎஸ்டி தன் நிறுவலில் பத்துக்கு அருகான பார்ட்டிஷன்களைத் தானே முன்மொழியும். ஃபயர்வோல் கணினி ஒன்றில் அதை மாற்றாமல் ஏற்றேன், அங்கே எதுவும் வளராததால் சிக்கலும் வரவில்லை. அது நிலையான பார்ட்டிஷன்களுக்குச் சார்பான சான்றாகுமா என்றால், வளராத சேர்வருக்கு மட்டும் ஆகும்.

மிச்சத்தை எவ்வளவுவரை குறைய விடலாம் என்பதை இந்த ஊரின் சந்தை தீர்மானிக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவை எட்டியபோது, டிஸ்க் ஒன்று நிரம்பினால் பம்பலப்பிட்டிக்குப் போய் இன்னொன்றை வாங்கி வரலாம் என்ற நினைப்பு எங்களிடமிருந்து போய்விட்டது. சேர்வருக்குரிய டிஸ்க்குகள் இன்றும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. சென்ற முறை விலை கேட்டதிலிருந்து சோடி கைக்கு வர ஐந்து வாரமானது. ஆகவே ஒவ்வொரு போயா (பௌர்ணமி) விடுமுறையிலும் வொலியூம் குழுவின் மிச்சத்தைக் குறித்துவைக்கிறேன். இன்றைய நிலவரம் 430 ஜிபி. அது 150க்குக் கீழே இறங்கும் மாதத்தில் அடுத்த சோடிக்கு விலை கேட்கத் தொடங்குவதாக முகாமையாளரிடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.