ஆயிலைச் சோதிப்பதா, நேரத்துக்கு மாற்றுவதா?

சொந்தக் காரின் எஞ்சின் ஆயிலை லேபுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பேன். கையேட்டில் சொன்ன கிரேடில் ஊற்றி, சொன்ன கிலோமீட்டர் அல்லது மாதக் கணக்கில் எது முந்துகிறதோ அப்போது ஃபில்டரோடு மாற்றினால் போதும். லாரிக்கு டெஸ்ட் கட்டுபடியாகும். பெரிய லாரி எஞ்சினில் 30 லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கும். காரில் நாலைந்து லிட்டர்தான்.

நேரத்துக்கு மாற்றும் பக்கம் என்னைச் சாய்க்கும் முக்கியக் காரணம்: ஒற்றை ரிப்போர்ட் அதிகம் பேசாது. எஞ்சின் தேய்ந்து ஆயிலில் கலந்த இரும்பு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்றால் அது கூடுதலா, குறைவா? 5,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலில் அதற்கு ஓர் அர்த்தம், 15,000 ஓடியதில் வேறு. நடுவில் ஒரு லிட்டர் டாப்-அப் செய்திருந்தால் எண் இறங்கிவிடும். சிலிக்கான் ஏறினால் தூசி நுழைகிறது என்பார்கள். புது எஞ்சினில் அது இணைப்புகளை அடைக்கும் பசையான சீலன்ட்டிலிருந்தும் வரும். அதே எஞ்சின், அதே ஆயில் என்று மூன்று நான்கு ரிப்போர்ட்டை வரிசையாக வைத்தால்தான் போக்கு பிடிபடும். வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் காருக்கு அதற்குள் மூன்று நான்கு வருடம் ஓடிவிடும்.

இன்னொன்று, லேபில் ஆயிலிலுள்ள உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி நுண்துகள்களைத்தான் நன்றாக அளக்கும். பேரிங் உதிரும்போது வரும் செதில்கள் அதற்குத் தப்பி ஃபில்டரில் சிக்கும். கழற்றிய ஃபில்டரைக் கட்டரால் வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ரம்பம் வேண்டாம், அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து குழப்பும்.

குறிப்பான சந்தேகம் இருந்தால் மட்டும் டெஸ்ட் ஜெயிக்கும். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறதா? கூலன்ட்டில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் ரிப்போர்ட்டில் சேர்ந்து ஏறியிருந்தால், எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். சில ஆயில்களில் சோடியம் இயல்பாகவே உண்டு என்பதால், புது ஆயிலையும் சோதித்து ஒப்பிடுவது நல்லது. குறுந்தூரமே ஓடும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் டிப்ஸ்டிக் அளவு ஏறினால் பெட்ரோல் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். 30 கிரேடு (5W-30 போன்ற) ஆயிலின் விஸ்காசிட்டி, அதாவது பிசுபிசுப்பு, 100 டிகிரி செல்சியஸில் 9.3 சென்டிஸ்டோக்குக்குக் (அதை அளக்கும் அலகு) கீழே போயிருந்தால் சந்தேகம் வலுக்கும். அதிக நெடுஞ்சாலை ஓட்டத்தில் மாற்றும் இடைவெளியை நீட்ட நினைப்பவருக்கும் டெஸ்ட் உதவலாம், வாரண்டி முடிந்த பிறகு.

மாதிரி எடுக்கும்போது எஞ்சின் சூடாக இருக்கட்டும். டிரெயின் போல்ட்டைச் சுற்றித் துடைத்து, முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு நடுவில் சுமார் 100 மில்லி சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். ஆயில் ஓடிய கிலோமீட்டர், எஞ்சின் ஓடிய மொத்தம், டாப்-அப் அளவு மூன்றையும் லேபிளில் எழுதுங்கள்.