ஹெச்ஏபிராக்ஸி, கீப்அலைவ்டு: இந்த இலவச ஜோடி தேறுமா?

காசு கொடுத்து லோடு பேலன்சர் வாங்குமுன் இந்த ஓப்பன் சோர்ஸ் ஜோடியைப் பார்த்துவிடுங்கள். ஹெச்ஏபிராக்ஸி பின்னாலுள்ள சர்வர்களுக்கு வேலையைப் பகிர்கிறது. பேலன்சரே படுத்துவிட்டால் மெய்நிகர் ஐபியை (மெஷின்விட்டு மெஷின் மாறக்கூடிய முகவரியை) அடுத்த மெஷினுக்கு மாற்றுவது கீப்அலைவ்டு.

ஹெச்ஏபிராக்ஸியின் பெரிய பலம் ஹெல்த் செக், அதாவது பின்னாலுள்ள சர்வர் நலமா என்ற சோதனை. இயல்பாக 2 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும்; தொடர்ந்து 3 முறை தோற்றால் சர்வரை ஒதுக்கும், 2 முறை தேறினால் திரும்பச் சேர்க்கும். ஆனால் ‘செக்’ என்று மட்டும் எழுதினால் போர்ட் திறந்திருக்கிறதா என்றுதான் பார்க்கும். அப்ளிகேஷன் 500 பிழையைக் கக்கிக்கொண்டிருந்தாலும் பச்சை விளக்குதான்! அப்ளிகேஷன் தரும் பதிலையே சோதிக்கும் ‘ஆப்ஷன் ஹெச்டிடிபிசெக்’ கட்டாயம். டேட்டாபேஸ் போன்ற நீண்ட இணைப்புகளுக்கு ரவுண்ட் ராபினைவிட (வரிசையாக ஒவ்வொரு சர்வருக்கும் கொடுப்பது) லீஸ்ட்கான் (இணைப்பு குறைவாக உள்ள சர்வருக்குக் கொடுப்பது) நல்லது.

தலைவலி கீப்அலைவ்டில். மாஸ்டர் மெஷின் ‘நான் இருக்கிறேன்’ என்று மற்றதற்கு அறிவிப்பு அனுப்புவது விஆர்ஆர்பி வழியாக. ஃபயர்வாலில் அதை, அதாவது 112ஆம் எண் புரோட்டோகாலை, திறக்காவிட்டால் இரண்டு மெஷினும் ‘நானே மாஸ்டர்’ என்று ஒரே ஐபியைப் பிடித்துக்கொள்ளும். மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது) செல்லாத கிளவுடில் யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும் அனுப்புவது) முகவரிகளைக் கையால் கொடுக்க வேண்டும். ஹெச்ஏபிராக்ஸி மட்டும் செத்து மெஷின் உயிரோடிருந்தால் கீப்அலைவ்டுக்குத் தெரியாது. அதைக் கண்காணிக்க ஒரு டிராக் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். காத்திருக்கும் மெஷினில் ‘ஐபி நான்லோக்கல் பைண்ட்’ என்ற லினக்ஸ் அமைப்பின் மதிப்பு 1 ஆக இல்லையென்றால், தன்னிடம் இல்லாத ஐபியில் ஹெச்ஏபிராக்ஸி கிளம்பவே கிளம்பாது.

1 விநாடி இடைவெளியில் அறிவிப்பு அனுப்பினால் 3, 4 விநாடியில் கைமாறும். அப்போது திறந்திருந்த இணைப்புகள் அறுந்துபோகும். இன்னொன்று: பின்னால் இரண்டே சர்வர், இரண்டும் 70 சதவீதத்தில் ஓடுகின்றன என்றால், ஒன்று விழுந்ததும் மற்றதன் தலையில் 140 சதவீதம். அதற்கு எந்த பேலன்சரிடமும் மருந்து கிடையாது.