1 ரூபாய்க்கு ‘லைவ் ரேடியோ’ வாங்கிய கதை

பாட்டு கேட்கிற செயலியில் ‘லைவ் ரேடியோ’ என்று சிவப்புப் புள்ளி வைத்து ஒரு கட்டம் தெரிந்து, பக்கத்திலேயே ‘3 நாளுக்கு வெறும் 1 ரூபாய்’ என்றும் போட்டிருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். 1 ரூபாயில் ஆரம்பித்தது 898 ரூபாயில் போய் நின்றது. அதுவும் என் பணம் இல்லை, அப்பாவின் பென்ஷன் பணம்.

அப்பாவுக்கு 74 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஊர். நான் சென்னையில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் அவருக்குத் திருநெல்வேலி வானொலி பாட வேண்டும், மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ். சரோஜ் நாராயண்சுவாமி டெல்லியிலிருந்து செய்தி வாசித்த காலத்திலிருந்தே 7.15 மணிச் செய்தி முடியாமல் அவருக்குக் காபி இறங்காது. ஆனால் வீடு முழுக்க எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் வந்த பிறகு டிரான்சிஸ்டரில் ஒரே கரகரப்பு. பல்பை அணைத்தால் குரல் தெளியும் என்று அவரே கண்டுபிடித்து, சாயங்காலச் செய்தியை இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் போனபோது இதைப் பார்த்துவிட்டுத்தான், ‘எல்லாம் போனிலேயே வருதுப்பா’ என்று ஆரம்பித்தேன்.

செயலியின் பெயரைச் சொல்லவில்லை. பேர் மாற்றி இன்னொன்று வரும். செய்கிற வேலை ஒன்றுதான்.

திறந்ததும் ஊர் பேர் போட்ட நிலையங்களின் வரிசை. சென்னை, மதுரை, கோவை, நெல்லை. ‘நெல்லை’யைத் தொட்டால் பணம் கட்டச் சொன்னது. 1 ரூபாய்தானே என்று அப்பாவின் போனிலேயே யுபிஐ-யில் கட்டினேன். அந்தத் திரையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மேலே பெரிதாக ₹1. கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தேட வேண்டிய அளவில், ‘மாதந்தோறும், அதிகபட்சம் ₹999 வரை, ரத்து செய்யும் வரை’. நான் பின் நம்பர் போட்டது 1 ரூபாய்க்கு இல்லை, மாதாமாதம் அவர்களே எடுத்துக்கொள்ளும் அனுமதிக்கு. ஆட்டோபே என்பது அதுதான். ஒரு முறை பின் போட்டுவிட்டால், 15,000 ரூபாய்க்குள் இருக்கிற சந்தாவுக்கு அடுத்த மாதம் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அனுப்பவும் செய்தார்கள். ஆங்கிலத்தில், கடன் வேண்டுமா என்று கேட்கிற ஐம்பது எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவில். அப்பா அந்தப் பக்கமே போவதில்லை.

பணத்தைக்கூட விடுங்கள். வந்தது ரேடியோவே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது அப்பாதான். ஒரு வாரம் கழித்துப் பேசும்போது, “ஏல, இவன் செய்தியே சொல்ல மாட்டேங்கான், பாட்டாவே போடுதான்” என்றார். தனியார் எஃப்.எம். மாதிரி இருக்கும், விடுங்கப்பா என்றேன். அடுத்த வாரம், “ராத்திரி எட்டு மணிக்குக் காலை வணக்கம்னு சொல்லுதான்ல” என்றார். அதற்கும் ஏதோ சமாதானம் சொன்னேன். மூன்றாவது தடவை, “வெளியே வெயில் மண்டையப் பொளக்கு, இவன் ஜில்லுன்னு மழை பெய்யுதுங்கான். சரி, பாபநாசம் அணையில தண்ணி எவ்வளவு கிடக்குன்னு இவன் சொல்லுவானா?” என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது.

போனை வைக்காமல் நான் இங்கே என் போனில் அதே செயலியை இறக்கி, அதே 1 ரூபாயைக் கட்டி (ஆமாம், இரண்டாவது முறை; இந்த முறை உடனே ஆட்டோபேயை ரத்து செய்தேன்), அதே ‘நெல்லை’யைப் போட்டேன். அப்பாவின் பக்கம் மெதுவாக ஒரு பழைய மெலடி. என் பக்கம் குத்துப்பாட்டு. இரண்டிலும் ‘லைவ்’ புள்ளி சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பு என்றால் கேட்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டுதான் வர வேண்டும். சில நொடி முன்னே பின்னே இருக்கலாம், பாட்டே மாறாது. இது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கலைத்துப் போட்ட பாட்டுப் பட்டியல். நடுநடுவே எப்போதோ பதிவு செய்த அறிவிப்பாளர் குரல். நெல்லைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வாடிக்கையாளர் சேவை என்று இருப்பது ஒரு சாட் மட்டும். போன் நம்பர் இல்லை. ‘உங்கள் பிரச்சினை எங்களுக்குப் புரிகிறது’ என்று ஆறு முறை சொன்ன பிறகு மனிதர் ஒருவர் வந்தார். லைவ் என்று போட்டுவிட்டுப் பதிவு செய்ததை ஓட்டுகிறீர்களே என்று கேட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: ‘சார், லைவ் என்பது அந்த சேனலின் பெயர்.’ நெல்லை என்பதும் பெயர்தானா என்றேன். சாட்டை மூடிவிட்டார்கள்.

இதற்கிடையே நான் செய்த ஒரு முட்டாள்தனம். விஷயம் தெரிந்த அன்றே, என் போனில் ஆட்டோபேயை ரத்து செய்த நானே, அப்பாவின் போனிலிருந்து செயலியை மட்டும் தூக்கச் சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அதற்குள் மாதச் சந்தா 299 ரூபாய் இரண்டு முறை போயிருந்தது. செயலியை நீக்கிய பிறகும் மூன்றாவது 299 போனது. செயலியை அழித்தால் சந்தா அழியாது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே போய் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, பின் போட்டு ரத்து செய்ய வேண்டும். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில். அப்பாவின் பட்டியலைத் திறந்து பார்த்தால் இன்னொரு பழைய மேண்டேட்டும் உயிரோடு இருந்தது, ஏதோ ஜோசியச் செயலி. அதைப் பற்றி அவர் பேசவே மாட்டேன் என்கிறார்.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் இப்படிப்பட்ட செயலிகளில் ஏன் நேரடியாகக் கிடைப்பதில்லை என்று பிறகு தேடிப் படித்தேன். வானொலியில் பாட்டு போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி என்று தனி வழி இருக்கிறது; சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைக் கட்டிவிட்டுப் போடலாம். இணையத்தில் பாட்டு தருகிறவர்களுக்கு அந்த வழி பொருந்தாது என்று 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இணையத்துக்குத் தனியாகப் பேசி உரிமை வாங்க வேண்டும். ஆகவே ‘உங்கள் ஊர் எஃப்.எம். எல்லாம் லைவாக’ என்று ஒரு பாட்டுச் செயலி சொன்னால், அது எங்கிருந்து எடுத்துத் தருகிறது என்று ஒரு முறை யோசியுங்கள்.

நான் வெட்கப்படுவது எதற்கென்றால், அப்பாவுக்கு வேண்டியது இலவசமாகவே இருந்தது. ஆகாசவாணியை நடத்துகிற பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் திருநெல்வேலி, திருச்சி, மதுரை, கோவை, கொடைக்கானல் என்று ஆகாசவாணி நிலையங்கள் நேரடியாகவே வருகின்றன. காசு கிடையாது. 2024 நவம்பரில் அவர்களே தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியிலும் வானொலி இருக்கிறது. போனில் எஃப்.எம். வசதி இருந்தால் இன்னும் நல்லது, இயர்போன் வயரைச் சொருகினால் அதுவே ஏரியல். டேட்டாவே வேண்டாம். டேட்டாவும் சின்ன விஷயமில்லை: அந்த 1 ரூபாய்ச் செயலி தானாகவே 320 கேபிபிஎஸ் தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, மணிக்கு 144 எம்.பி. அப்பாவின் ஒன்றரை ஜி.பி. சாயங்காலத்துக்குள் காலியானதற்கு நான் பேரனைத் திட்டியிருக்கிறேன்.

ஒன்று மட்டும், நேர்மையான செயலியிலும் ஒலி தாமதமாகத்தான் வரும். துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து அனுப்புவதால் அரை நிமிடம், ஒரு நிமிடம்கூடப் பின்தங்கும். அப்பா செய்திக்கு முன்னால் வருகிற பீப் ஒலியை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துகிறவர். நியூஸ் ஆன் ஏர் போட்டுக் கொடுத்த முதல் வாரமே கடிகாரம் ஒரு நிமிடம் பின்னால் போய்விட்டது. இதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது.

அது என்ன 898 என்று அம்மா கேட்டாள். மூன்று 299, கூட அந்த 1 ரூபாய். என் போனில் நான் கட்டிய 1 ரூபாயைச் சேர்க்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். சந்தாப் பொறி அதில் ஒன்று. புகாரில் அந்த வார்த்தையையே எழுதினேன். பணம் கட்டிய திரை, வங்கிக் கணக்கு வரிகள், ‘லைவ் என்பது சேனலின் பெயர்’ என்ற சாட், மூன்றையும் சேர்த்திருக்கிறேன். சாட்டை அவர்கள் மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது தற்செயல்தான். நீங்கள் முதலிலேயே எடுத்துவிடுங்கள். நான்காம் நாள் நிறுவனம் பதில் போட்டது: கடைசி 299-ஐத் திருப்பித் தருகிறோம், மற்றதற்குப் பதில் ‘இரண்டு மாத பிரீமியம்’ இலவசம்.

299 அப்பாவின் கணக்குக்கு வந்துவிட்டது. பிரீமியம் வேண்டாம் என்று எழுதிப்போட்டு இன்றோடு பதினொரு நாள். பாக்கி 599.