பிளாஸ்டிக் குயிராசியர்கள்: குதிரை அருமை, வாள் வேதனை

28 மி.மீ. அளவுப் பிளாஸ்டிக் குயிராசியர் பொம்மைப் பெட்டியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நெப்போலியனின் அந்தக் கவசக் குதிரைப்படைக்குப் பல ஆண்டுகளாக வீட்டில் வண்ணம் தீட்டி, அதே மேசையில் வாட்டர்லூ போரைப் பொம்மைப் படை விளையாட்டாக ஆடி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

குதிரைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கழுத்துத் தசையும் விலாவும் ஆழமாக வார்க்கப்பட்டிருக்கின்றன. ஆயில் பெயின்ட் முறைக்கு இதைவிட என்ன வேண்டும்? வெளிர் ஆரஞ்சுப் பழுப்பில் அக்ரிலிக் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டைப் பூசி, சில நிமிடங்களில் ஸ்பாஞ்சால் துடைத்தெடுங்கள். மேடுகளில் அடிநிறம் ஒளிரும், பள்ளங்களில் பழுப்பு தங்கும். மணிக்கணக்கில் தூரிகை பிடித்தாலும் எனக்கு அந்த மெருகு வந்ததில்லை. காய்வதற்கு நாட்கள் ஆகும், ஆகட்டும். செம்பழுப்புக் குதிரைக்குப் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கறுப்பு. ஒரு காலில் வெள்ளை வைத்தால் அதன் குளம்பையும் வெளிறிய நிறத்தில் தீட்டுங்கள். எக்காளம் ஊதுபவனுக்கு வெண்சாம்பல் குதிரை கொடுங்கள். பிரெஞ்சுப் படையில் அதுதான் வழக்கம்.

வீரர்களும் நன்றாகவே இருக்கிறார்கள். ரெஜிமெண்டின் அடையாள நிறம் மட்டும் கவனம்: முதல் மூன்றுக்குச் சிவப்பு, 7 முதல் 9 வரை மஞ்சள், 10 முதல் 12 வரை இளஞ்சிவப்பு. மார்புக்கவசத்துக்குப் பளபள வார்னிஷ், மற்ற இடங்களுக்கு மங்கலான வார்னிஷ் அடித்தால் எஃகு எஃகாகவே தெரியும்.

ஆனால் அந்த வாள்! குயிராசியரின் நேர்வாள் அலகு ஏறக்குறைய 97 செ.மீ. நீளம். 28 மி.மீ. உருவத்துக்கு ஏற்றபடி 56இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 17 மி.மீ. வரும். தயாரிப்பாளர் அந்த நீளத்தை மதித்து, தடிமனையும் மெல்லியதாகவே வைத்திருக்கிறார். அளவுக்கு உண்மையாக இருந்ததைக் குற்றம் என்று சொல்வது நியாயமில்லைதான். கண்ணாடி அலமாரியில் நிற்கும் பொம்மையென்றால் நானும் பாராட்டியிருப்பேன். இது மேசையில் கையால் எடுத்து நகர்த்தி, எதிராளியின் காலாட்படையோடு முட்டவைக்கும் உருவம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு வாளாவது மணிக்கட்டோடு ஒடிந்து கிடக்கிறது. பசை போட்டால் ஒட்டுகிறது, அடுத்த ஆட்டத்தில் அதே இடத்தில் விட்டுப்போகிறது. அவ்வளவு மெல்லிய முனையில் பசை எதைப் பிடித்துக்கொள்ளும்? கடைசியில் முஷ்டியில் துளையிட்டு, பித்தளைக் கம்பியைத் தட்டையாக்கிச் செருகினேன். அது அசையவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய படைக்கு நான் எதற்காக ஆயுதம் செய்து தர வேண்டும்?

விலை பாதியாகக் குறைந்தாலும் வாங்காதீர்கள். கூடுதலாகக் கொடுத்து உலோக உருவங்களை எடுங்கள். அவற்றின் வாள் வளையும், விரலால் நிமிர்த்திவிடலாம். இந்தக் குதிரைகளை மட்டும் எங்காவது தனியாக விற்றால் எனக்குச் சொல்லுங்கள், அன்றே வாங்கிக்கொள்கிறேன்.